எஸ்எஸ்டி வேகமாகிவிட்டது, நேரம் எங்கே போகிறது? கேள்வி பதில்

ஈசூன்: அண்ணே, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சுமை பற்றி இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

முன்பும் இருந்ததுதான், உறைக்கவில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க் இடம் தேடிப் படிக்க 5 முதல் 10 மில்லிசெகண்ட் எடுக்கும். அதன் பக்கத்தில் கெர்னலின் சில மைக்ரோசெகண்ட் யார் கண்ணில் படும்? ஃபிளாஷ் எஸ்எஸ்டியில் 100 மைக்ரோசெகண்ட் அளவுக்கு இறங்கியது. 2017இல் வந்த இன்டெல் ஆப்டேனில் 10தான். டிஸ்க் வேலையை முடித்து இன்டர்ரப்ட் (வேலை முடிந்தது என்ற சைகை) அனுப்பி, தூங்கும் புரோகிராமைக் கெர்னல் எழுப்பி, அப்புறம்தான் தரவு கைக்கு வரும். அந்த எழுப்புகிற நேரம்தான் இப்போது வலிக்கிறது.

தெம்பனிஸ், பாலிடெக்னிக் மாணவர்: ஐஓ யூரிங்குக்கு (கெர்னலிடம் டிஸ்க் கோரிக்கைகளைக் கொடுக்கும் லினக்ஸ் வழி) மாறினேன், போலிங்கும் (இன்டர்ரப்டுக்குக் காத்திராமல், முடிந்ததா என்று சிபியு கோர் திரும்பத் திரும்பப் பார்ப்பது) கேட்டேன். தாமதம் குறையவே இல்லை.

தம்பி, 2019இல் லினக்ஸ் 5.1இல் வந்த ஐஓ யூரிங்கின் பலம், பல கோரிக்கைகளை ஒரே சிஸ்டம் காலில் (கெர்னலை அழைப்பது) கொடுப்பது. நீங்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்துக் காத்திருக்கிறீர்கள். போலிங்குக்கு, என்விஎம்இ டிரைவர் (எஸ்எஸ்டியை இயக்கும் மென்பொருள்) ஏறும்போதே போல் கியூ (போலிங்குக்கான வரிசை) எத்தனை என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 0. டிஸ்கின் கியூ ஃபோல்டரில் ‘ஐஓ_போல்’ ஃபைலைத் திறந்து பாருங்கள். 0 என்றிருந்தால் போலிங் நடக்கவே இல்லை.

உட்லண்ட்ஸ்: சிம் லிம் கணினிக் கடைத்தொகுதியில் எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

விலை விவரம் கடையில் கேளுங்கள். மின்சாரம் போனால் காக்கும் கெப்பாசிட்டர் உள்ளதா என்று பாருங்கள்.

செங்காங்: எஃப்சிங்கை (எழுதியது டிஸ்கில் நிலையாகச் சேரும்வரை காத்திருக்கும் அழைப்பு) அணைத்தால் வேகம் கூடுமா?

கூடும், தரவு போகும். முன்பு வேலை செய்த இடத்தில் அணைத்து வைத்திருந்தோம்; ஒருநாள் மின்சாரம் போனது, கடைசியாக எழுதிய பதிவுகள் திரும்பி வரவில்லை. கெப்பாசிட்டர் உள்ள டிஸ்கில் எஃப்சிங்க் பெரும்பாலும் சட்டென்று முடியும். அந்தப் பக்கம் போங்கள்.

ஜூரோங், டேட்டா சென்டர் ஊழியர்: போலிங் என்றால் கோர் சும்மா சுற்றுமே! மின்சாரத்தை எண்ணித்தான் இங்கே சிங்கப்பூரில் 2019 முதல் 2022 வரை புது டேட்டா சென்டர்களையே நிறுத்திவைத்தார்கள்.

தோ பாயோ: இவர் பேச்சைக் கேட்டால் எங்கள் டேட்டாபேஸ் நகராது அண்ணே.

ஜூரோங் கவலை எனக்கும் உண்டு. ஆனால் எல்லாப் போலிங்கும் ஒன்றல்ல. கெர்னல் போலிங், கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது மட்டும் சுற்றும். கெர்னலைத் தாண்டி டிஸ்கோடு நேராகப் பேசும் எஸ்பிடிகே வழக்கமாக வேலை இல்லாதபோதும் சுற்றும். இரவெல்லாம் காலியாகக் கிடக்கும் சர்வரில் எஸ்பிடிகே போடுவது தவறு, தோ பாயோ கோபித்துக்கொண்டாலும் சரி. உங்கள் சர்வர் நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தால் ஒரு கோரை ஒதுக்குங்கள், அது வீண் இல்லை. இன்டர்ரப்டிலேயே இருப்பவர்கள் சி-ஸ்டேட்டைக் (வேலை இல்லாத கோரின் தூக்க நிலை) கவனியுங்கள்: ஆழ்ந்து தூங்கும் கோர் எழவே பல பத்து மைக்ரோசெகண்ட் பிடிக்கும்.

பிடோக்: எஃப்சிங்க் இல்லாமல்...

செங்காங்குக்குச் சொன்னதுதான். தொடாதீர்கள்.

தெம்பனிஸ்: 0தான் இருந்தது அண்ணே! மாற்றிவிட்டேன், இப்போது 1.

நல்லது. ஃபியோவை (டிஸ்க் வேகம் அளக்கும் கருவி) மறுபடி ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு 99.9 சதவீத எண்ணை (1000 கோரிக்கைகளில் 999 முடிந்துவிடும் தாமதம்) மட்டும் அனுப்புங்கள்.