ஒரே பறவையின் முட்டைகளை அருங்காட்சியகங்கள் ஏன் நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கின்றன?

காட்சிக்கே வராத ஒரே இன முட்டைகளை இழுப்பறை இழுப்பறையாகப் பூட்டி வைப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு, பொரி வல்லூறு என்னும் வேட்டைப் பறவையின் கதையே தக்க விடை.

1950களில் பிரிட்டனில் இப்பறவைகள் விரைவாகக் குறைந்து, கூடுகளில் முட்டைகள் நொறுங்கிக் கிடந்தபோது, இயற்கையியலாளர் டெரெக் ராட்கிளிஃப் அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டைகளை ஆராய்ந்தார். துளையிட்டு உள்ளீடு அகற்றப்பட்ட வெற்று ஓடுகள் அவை. ஆகவே எதையும் உடைக்காமல், ஓட்டின் எடையை அதன் நீள அகலப் பெருக்கத்தால் வகுத்தே ஓட்டின் தடிமனைக் கணித்துவிட முடிந்தது.

1947 வாக்கில் ஓடுகள் திடீரென ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டதை அவர் 1967இல் வெளியிட்டார். டிடிடி பூச்சிக்கொல்லி பரவலான புழக்கத்துக்கு வந்த காலமும் அதுவே. அம்மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் டிடிஇ என்னும் சேர்மம், ஓட்டில் சுண்ணாம்புச் சத்து படிவதைத் தடுக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்கச் சேகரிப்புகளிலும் 1968இல் இதே மெலிவு கண்டறியப்பட்டது. அங்கு 1972இல் டிடிடி தடைசெய்யப்பட்டது.

முட்டை சேகரிப்பதற்காகக் கூடுகளைக் கொள்ளையடித்தவர்களின் பொழுதுபோக்கு அந்தப் பறவைக்கே சாட்சியமானது விந்தைதான். ஆனால் எடுத்த நாளையும் இடத்தையும் குறித்த சீட்டு இல்லாத முட்டை எவ்வளவு அழகாயிருந்தாலும் இவ்வாய்வுக்கு உதவியிராது.