ஞாயிறு வந்தாலே எரிச்சலா?

வேலையை விட்டு எழுந்திருக்க முடியாமல் தவிப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் கணவர் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவர்). ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகும் 12 மணி வரை லேப்டாப்தான். கேட்டால், ‘ஜெர்மனிக்காரன் மெயில் போடுவான்’ என்கிறார். ‘உழைக்கிற பிள்ளையைக் குறை சொல்லாதே’ என்கிறார் மாமியார். இது உழைப்பா, கோளாறா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மணிக்கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் நடுராத்திரி வரை உட்காருவது அந்தத் தொழிலில் சகஜம். ஆனால் ஜெர்மனியில் மாலை 5 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அதற்கு மேல் அங்கே ஆபீஸில் ஆள் இருப்பது அபூர்வம். பத்தரைக்குப் பிறகு அவர் எதைத் திறக்கிறார் என்று பாருங்கள். வந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் அது வேலை. அனுப்பி முடித்த காஸ்டிங் ஷீட்டையே (செலவுக் கணக்குத் தாள்) மூன்றாம் முறை சரிபார்த்துக்கொண்டிருந்தால், மனதில் இருக்கும் ஏதோ பதற்றத்தை அடக்க வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல், வேலைக்கு அடிமையாகிவிட்டோமா என்று பார்க்க, ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கடந்த ஓராண்டில், வேலைக்கு இன்னும் நேரம் ஒதுக்குவது எப்படி என்று யோசித்தீர்களா? நினைத்ததைவிட அதிக நேரம் உட்கார்ந்துவிட்டீர்களா? குற்ற உணர்வு, பதற்றம், சோர்வு குறைய வேலை செய்தீர்களா? குறைத்துக்கொள் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்கவில்லையா? வேலை செய்ய முடியாமல் போனால் தவிப்பு வந்ததா? பொழுதுபோக்கு, உடற்பயிற்சி பின்னுக்குப் போயினவா? உடம்பு கெட்டதா? இவற்றில் நான்குக்காவது ‘அடிக்கடி’ அல்லது ‘எப்போதும்’ என்று பதில் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்காக நீங்கள் மதிப்பெண் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

வேலையை ரசிப்பவரும் நேரம் போவது தெரியாமல் உழைப்பார். ஆனால் குலதெய்வக் கோயிலுக்குப் போனால் அங்கே மனசாரப் பொங்கல் வைப்பார். வேலைக்கு அடிமையானவரோ பொங்கல் பொங்கும்போதும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருப்பார்.

லேப்டாப்பை ஒளித்து வைக்காதீர்கள். ‘எப்பப் பார்த்தாலும் இதே கதிதான்’ என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் சச்சரவு கூடினால் அவர் தப்பித்து ஓடும் இடமும் அந்தத் திரைதான். சாப்பிடும் அரை மணி நேரம் போன் அடுத்த அறையில் இருக்கட்டும் என்று ஒன்றே ஒன்றை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். லீவு எடுத்தால் குற்ற உணர்வு, சனிக்கிழமை ஆனால் தலைவலி. ஆபீஸ் ஆப்களை எல்லாம் போனிலிருந்து நீக்கினேன். மூன்றாம் நாளே திரும்பப் போட்டுவிட்டேன். எப்படித்தான் குறைப்பது?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் தலைவலி. ஆபீஸ் மெஷினில் நாளுக்கு ஐந்து காபி, வீட்டில் ஒன்று என்றால், கடைசிக் கப்புக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் கஃபீன் குறைந்த தலைவலி வரும். வார நாட்களிலேயே மெதுவாகக் குறைத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கலாம்.

ஆப்பை நீக்கியது ஏன் பலிக்கவில்லை? மனதில் படபடப்பு எழுகிறது, மெயிலைப் பார்க்கிறீர்கள், உடனே தணிகிறது. அந்தத் தணிவுதான் பழக்கத்தை இறுக்குகிறது. படபடப்பைத் தாங்கப் பழகாமல் ஒரேயடியாகக் கதவை அடைத்தால் அது உடைத்துக்கொண்டுதான் வரும்.

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள்: எத்தனை மணிக்குப் பார்த்தேன், அதற்கு முன் மனம் எப்படி இருந்தது, காலை 10 மணி வரை காத்திருக்க முடியாத விஷயம் ஏதாவது இருந்ததா. மூன்றாவதற்கு எதிரே பெரும்பாலும் காலியாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இரண்டாம் வாரம், கிளம்பும் முன் 15 நிமிடம். முடியாத வேலையைக் குறிக்கும்போது ‘பேமென்ட் பக் பார்க்கணும்’ என்று எழுதினால் போதாது. ‘காலை 10 மணிக்கு மூணாவது டெஸ்ட் கேஸோட லாகைத் திறக்கணும்’ என்று எழுத வேண்டும். பாதியில் நிற்கும் வேலைதான் மனதைக் குடையும். எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அந்தக் குடைச்சல் குறைகிறது என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பிறகுதான் நிஜமான பயிற்சி. இரவு 8.30-க்குப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு போனை வேறு அறையில் வையுங்கள். கை பரபரக்கும்போது அதன் வேகத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, 20 நிமிடம் பொறுங்கள். 8-இல் இருந்தது தானாக இறங்கும். அடுத்த வாரம் 40 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஞாயிறு காலை முழுக்க. எடுத்த எடுப்பில் பத்து நாள் ஊட்டி வேண்டாம்.

கெடுப்பது எது? ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்று, படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது பார்ப்பது. இன்னொன்று, டீமிடம் சொல்லாமல் இருப்பது. நிஜமான அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள், மற்றவை காலையில் என்று சொல்லிவிட்டால் பயத்துக்குக் காரணம் இருக்காது. கிடைத்த ஓய்வையும் தினம் 10,000 காலடி நடை, முப்பதே நாளில் கிட்டார் என்று டார்கெட்டாக மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அதுவும் ஆபீஸ்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

கேள்வி: என் டீமில் ஒருவர் ராத்திரி 1 மணிக்கும் பதில் போடுவார். அவரைத்தான் எல்லாருக்கும் உதாரணமாகக் காட்டுகிறேன். தப்பா?
- வாசகர், கோவை

பதில்: தப்புதான். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35-40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து கணக்கிட்டன. காலை 9 முதல் இரவு 8 வரை, வாரம் ஆறு நாள் என்றால், சாப்பாட்டு நேரம் போக 60 மணி.

இப்படி வேலையை விடாதவர்களால் அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் வாங்கித் திருத்துவார்கள். அவர் ஒருநாள் படுத்துவிட்டால் உங்கள் புராஜெக்டும் படுத்துவிடும். அவருடைய வேலையில் ஒரு பகுதியை இன்னொருவரிடம் எழுத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ராத்திரி மெயில் எழுதினால் காலை 9 மணிக்குப் போகும்படி ஷெட்யூல் செய்யட்டும். நீங்களும்தான்.

கேள்வி: வேலைக்கு அடிமையாகும் இந்தப் பழக்கத்துக்கு மாத்திரை உண்டா?
- வாசகர், மதுரை

பதில்: இதற்கென்று தனி மாத்திரை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது தனி நோயாக இல்லை. ஆனால் அடியில் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு), ஏடிஹெச்டி (கவனக் குறைவும் துறுதுறுப்பும் உள்ள கோளாறு) இருக்கலாம். 16,426 ஊழியர்களிடம் நார்வேயில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், வேலைக்கு அடிமையானவர்களிடம் இந்த நான்கின் அறிகுறிகளும் கூடுதலாகத் தெரிந்தன. இவற்றுக்கு மருந்தும் சிந்தனை-நடத்தை சிகிச்சையும் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்கத் தயங்குபவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணான 14416-இல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்றால் இந்த எண் வேண்டாம்; நேரே 108.