ஒரே விலை என்றால் போட்டி இருக்கிறதா, இல்லையா?

கேள்வி: எங்கள் ஹட்டியை (ஊரை)ச் சுற்றி ஏழெட்டு டீ பேக்டரிகள் இருக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைதான் தருகிறார்கள். ‘இதுதான் நிறைவுப் போட்டி’ என்கிறாள் பிளஸ் ஒன் படிக்கும் மகள். ‘கூடிப் பேசி வைத்த விலை’ என்கிறார் கணவர். யார் சொல்வது சரி, ஐயா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: விலையை மட்டும் வைத்து இரண்டில் எதையும் சொல்லிவிட முடியாதம்மா. கடும் போட்டியிலும் விலை ஒன்றாகும், கள்ளக் கூட்டிலும் ஒன்றாகும். நீலகிரியில் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் போகும் விலையை ஒட்டி, பச்சைத் தேயிலைக்கான மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. எல்லா பேக்டரியும் அதையே பார்த்து விலை போட்டால், யாரும் யாரோடும் பேசாமலே விலை ஒன்றாகிவிடும்.

அதனால் வேறு கேள்வி கேளுங்கள்: இன்று பறித்த கொழுந்தை உங்களால் எத்தனை பேரிடம் விற்க முடியும்? சாக்கில் அடைத்த இலை சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே பேக்டரிக்குப் போயாக வேண்டும், விலை ஏறட்டும் என்று வைத்திருக்க வழியில்லை. சுற்றிலும் எட்டு பேக்டரி இருந்தாலும் உங்கள் பாதைக்கு வண்டி அனுப்புவது இரண்டோ மூன்றோதான். உரத்துக்கென்று ஒரு ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அப்புறம் அந்த ஒருவர்தான். விற்பவர் ஆயிரக்கணக்கில், வாங்குபவர் விரல்விட்டு எண்ணும் அளவில். நிறைவுப் போட்டி என்றால் விற்பவர், வாங்குபவர் இரு பக்கமும் ஏராளமானோர் இருக்க வேண்டும். இது அது ஆகாது. பாடப்புத்தகத்தின் சில்லோர் முற்றுரிமையை, அதாவது விற்பவர் சிலரே இருக்கும் சந்தையை, வாங்குபவர் பக்கம் திருப்பிப் போட்டால் வருவது இது. வாங்குபவர் கையில் சேரும் இந்த பலத்தை 1933-லேயே விரிவாக ஆராய்ந்தவர் இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் ஜோன் ராபின்சன் அம்மையார்.

நான் பொருளியல் வகுப்பு எடுத்தபோது பிள்ளைகளை வீட்டிலிருந்து இலை ரசீது கொண்டுவரச் சொல்வேன். விலை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் மழைக்கால ரசீதில் ஈரத்துக்கென்று கழித்த கிலோ ஒன்றுக்கொன்று மாறும். வண்டிக்கூலி மாறும், பணம் கைக்கு வரும் நாளும் மாறும். போட்டி இருக்கிறதா என்பதை அந்தக் கழிவுக் கட்டத்தில்தான் தேட வேண்டும். உங்கள் ஹட்டியில் நாலு வீட்டு ரசீதுகளை, ஒரே வாரத்துடையதாக, மகளை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

1965-இல் தொடங்கிய, சிறு தேயிலை விவசாயிகளுடைய கூட்டுறவு பேக்டரிகளின் இணையமான இன்கோசர்வின் கீழுள்ள கூட்டுறவு பேக்டரிகள் நன்றாக ஓட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான். அங்கே இலை போடாதவருக்கும் அதில் லாபம் உண்டு. கூட்டுறவு நல்ல விலை தந்தால், பக்கத்துத் தனியாரும் இலை கிடைக்க அதை எட்டித்தானே ஆக வேண்டும்?

கணவர் சந்தேகிப்பதிலும் தவறில்லை. கொள்முதல் விலையைக் கூடிப் பேசி முடிவு செய்வதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது, இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் விலை ஒன்றாக இருப்பது மட்டும் அங்கே போதாது. பேசி வைத்தார்கள் என்பதற்கு அடையாளம் வேண்டும். உதாரணமாக, ஏல விலை ஏறிய மாதத்திலும் எல்லோரும் ஒரே நாளில் இலை விலையைக் குறைத்தார்கள் என்றால், அந்த ரசீதுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.