ஊர் மாறும்போது கிஃப்டட் வகுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. போன வருடம் கிஃப்டட் (தனித்திறமை மிக்க மாணவி) என்று எடுத்துக்கொண்டார்கள். கணவருக்கு இப்போது ஃபிலடெல்ஃபியாவில் வேலை. டெலவேர் ஆற்றுக்கு இந்தக் கரையில் பென்சில்வேனியாவிலும் வீடு பார்க்கலாம், அந்தக் கரையில் நியூ ஜெர்சியிலும் பார்க்கலாம். விசாரித்த இரண்டு டிஸ்ட்ரிக்டிலும் (பள்ளி நிர்வாகப் பகுதி) பட்ஜெட் வெட்டு என்கிறார்கள். எங்கே போவது?

பதில்: டெக்சஸ் முத்திரை டெக்சஸோடு சரி. கிஃப்டட் கல்வி தந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. 1988-இல் வந்த ஜேவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் மாதிரித் திட்டங்களுக்கும் மானியம் தருகிறது. உங்கள் பள்ளியில் ஒரு டீச்சரைப் போட அதிலிருந்து பணம் வராது. மற்றதெல்லாம் மாநிலத்தின் கையில். அதனால் இரண்டு கரையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பணம் இல்லை என்று கைவிரித்தாலும் இவர்களால் நிறுத்த முடியாதது எது?

பென்சில்வேனியாவில் அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. அங்கே கல்வி விதிகளின் 16-ஆம் அத்தியாயம், கிஃப்டட் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஜி.ஐ.இ.பி. என்ற தனித் திட்டத்தை எழுதித் தரச் சொல்கிறது. தகுதிக்கு ஐ.க்யூ. 130 அல்லது அதற்கு மேல் இருக்கலாம், அல்லது வேறு சான்றுகள் சேர்ந்து திறமையைக் காட்டலாம். பள்ளி மறுத்தால் பெற்றோர் முறைப்படி விசாரணை கேட்கலாம். ஆகவே "இந்த வருஷம் புரோகிராம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் இளைக்க வைக்கலாம். ஒரு கிஃப்டட் ஆசிரியரின் பொறுப்பில் அதிகபட்சம் 65 பேர், ஒரு வகுப்பில் 20 பேர் என்பது விதி. டிஸ்ட்ரிக்டைக் கூப்பிட்டு "இப்போது ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைகள்" என்று கேளுங்கள். 60-ஐத் தாண்டிய எண் வந்தால், வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் டீச்சர்தான் கிடைப்பார்.

கால அளவையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து 60 காலண்டர் நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை வரவேண்டும். கோடை விடுமுறை நாட்கள் இதில் சேராது. அதற்குப் பிறகு 30 நாட்களுக்குள் ஜி.ஐ.இ.பி. கூட்டம். ஜூலையில் போய் இறங்கி செப்டம்பரில் கையெழுத்துப் போட்டால், வகுப்பு தொடங்க நவம்பர், டிசம்பர் ஆகிவிடும். பள்ளியில் சேர்க்கும் அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: பொதுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளை இந்த 16-ஆம் அத்தியாயம் கட்டுப்படுத்தாது. வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல சார்ட்டர் இருக்கிறதே என்று சேர்த்துவிட்டு, பிறகு ஜி.ஐ.இ.பி. கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நியூ ஜெர்சியில் 2020 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது. கிண்டர்கார்டனிலிருந்து 12 வரை கிஃப்டட் குழந்தைகளை அடையாளம் கண்டு ஏற்றதைத் தரவேண்டும். தேர்வு முறையையும் தேதிகளையும் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் போடவேண்டும். குறை இருந்தால் டிஸ்ட்ரிக்டின் போர்டிடமும், அதன் பிறகு மாநிலக் கல்வி ஆணையரிடமும் முறையிடலாம். ஆனால் மாநிலம் முழுக்க ஒரே கட்-ஆஃப் கிடையாது, ஜி.ஐ.இ.பி. போல ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டமும் கிடையாது. அதோடு சட்டம் "அதே டிஸ்ட்ரிக்டின் சம வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு" என்கிறது. பள்ளி ரேட்டிங் 10-க்கு 10 இருக்கும் ஊரைத் தேடிப்போய் வீடு எடுக்கும் நம்மவர்கள் இந்த வார்த்தைகளைக் கவனிப்பதில்லை. பாதி வகுப்பே ஒரு வருடம் முன்னே கணக்குப் போடும் ஊரில் உங்கள் மகள் நடுவில் நிற்பாள். சாதாரண ஊரில் அவளே முதலில் தெரிவாள்.

எங்கள் கருத்து: வலுவான மதிப்பெண் கையில் இருந்து, எழுத்தில் பிடிமானம் வேண்டுமென்றால் பென்சில்வேனியாவில் பொதுப் பள்ளி. கணக்கு போல ஒரு பாடத்தில் மட்டும் ஓடுகிற குழந்தை என்றால் நியூ ஜெர்சியும் ஒத்துவரும். "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களில்" என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: பழைய பள்ளியிலிருந்து என்னென்ன வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்? காக்அட் (பள்ளியில் எல்லோருக்கும் சேர்த்து வைக்கும் திறன் தேர்வு) மார்க் இருக்கிறது. அது போதுமா, தனியாக ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: "உங்கள் பிள்ளை கிஃப்டட் புரோகிராமுக்குத் தகுதி பெற்றார்" என்ற கடிதம் ஏட்டுச் சுரைக்காய். முழு ஸ்கோர் ஷீட் வேண்டும். காக்அட் என்றால் வெர்பல், குவான்டிடேட்டிவ், நான்வெர்பல் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண், எந்த ஃபார்ம், எந்தத் தேதி, பர்சன்டைல் (நூற்றில் எத்தனை பேரைவிட மேலே என்ற எண்) எதை வைத்து என்பதெல்லாம். சில டிஸ்ட்ரிக்ட் தங்கள் ஊர்க் குழந்தைகளோடு ஒப்பிட்ட பர்சன்டைலை மட்டும் வீட்டுக்கு அனுப்பும். அடுத்த ஊரில் அதற்கு மதிப்பில்லை. வயது அடிப்படையிலான தேசிய பர்சன்டைலைக் கேட்டு வாங்குங்கள். எண்களை நேருக்கு நேர் ஒப்பிடவும் வேண்டாம். இரண்டிலும் சராசரி 100 என்றாலும், காக்அட்டில் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 16, விஸ்க் ஐ.க்யூ. டெஸ்டில் 15. காக்அட்டில் 130 என்பதும் விஸ்க்கில் 130 என்பதும் ஒன்றல்ல.

மாணவர் பதிவுகள் பற்றிய மத்தியச் சட்டமான ஃபெர்பாவின்படி குழந்தையின் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு; ஆனால் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசமும் உண்டு. ஜூனில் ஆபீஸ் பூட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. ஏப்ரலிலேயே இமெயில் போடுங்கள். கூடவே குழந்தை யார் உதவியும் இல்லாமல் எழுதிய ஒரு கட்டுரை, வகுப்பைத் தாண்டிய கணக்கு நாலைந்து பக்கம், தேதியோடு எடுத்து வையுங்கள்.

தனியார் சைக்காலஜிஸ்டிடம் போகும் முன், புதிய டிஸ்ட்ரிக்ட் வெளி அறிக்கையை ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அவசரப்பட்டு எடுத்துவிட்டால், அதே விஸ்க்கை ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுப்பது சரியில்லை. பயிற்சியால் மதிப்பெண் ஏறிவிடும் என்பதால் பள்ளியின் சைக்காலஜிஸ்ட் தயங்குவார். ஏற்கெனவே எடுத்திருந்து, நிதானமாக எழுதும் குழந்தைக்கு வேகப் பகுதி மொத்த மதிப்பெண்ணை இழுத்துவிட்டிருந்தால், ஜி.ஏ.ஐ. என்ற எண்ணையும் அறிக்கையில் போடச் சொல்லுங்கள்; வேகமும் நினைவுப் பகுதியும் இல்லாத கணக்கு அது. பென்சில்வேனியாவில் அந்த இரண்டில் உள்ள குறையை மட்டும் காட்டித் தகுதியை மறுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

ராணுவப் பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் 50 மாநிலங்களும் சேர்ந்த ஒப்பந்தம் உண்டு: புதிய பள்ளியில் அந்தப் புரோகிராம் இருந்தால் பழைய இடத்தை முதலில் மதித்துச் சேர்த்துக்கொள்வார்கள், பிறகு சோதிப்பார்கள். மற்றவர்களுக்கு அது கிடையாது.

கேள்வி: கலிஃபோர்னியாவுக்கு மாறுகிறோம். இணையதளத்தில் கேட் (கிஃப்டட் அண்ட் டேலண்டட் எஜுகேஷன்) புரோகிராம் என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடமும் இருக்கும் என்று எப்படி நம்புவது?

பதில்: இணையதளத்தை நம்பாதீர்கள். டீச்சர் போன பிறகும் அந்தப் பக்கம் இரண்டு வருடம் அப்படியே நிற்கும். கேட்டுக்கென்று தனியாக ஒதுக்கிய மாநிலப் பணம் 2013-இல் பொது நிதியோடு கரைந்துவிட்டது; நடத்துவதும் விடுவதும் டிஸ்ட்ரிக்டின் விருப்பம். கோவிட் காலத்து மத்திய நிதியின் கடைசித் தவணையை ஒப்பந்தமாக்க 2024 செப்டம்பர் 30 கெடு. அந்தப் பணத்தில் ஆள் போட்ட இடங்களில், மாணவர் எண்ணிக்கையும் குறைந்திருந்தால், கை வைக்கத் தோதான இடம் கேட்தான்.

வெட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒருங்கிணைப்பாளர். பிறகு பள்ளிக்குப் பள்ளி சுற்றி, குழந்தைகளை வகுப்பிலிருந்து தனியாக அழைத்துப் பாடம் நடத்தும் புல்-அவுட் டீச்சர். பிறகு மேக்னெட் பள்ளிக்கான (பல ஊர்ப் பகுதிகளிலிருந்தும் சேர்க்கும் சிறப்புப் பள்ளி) பஸ். பஸ் போனால் பெயரளவில் இடம் இருக்கும், வேலைக்குப் போகும் பெற்றோரால் எடுத்துக்கொள்ள முடியாது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வேலை நீக்க முன்னறிவிப்பை ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் கொடுக்கவேண்டும், இறுதி முடிவு மே 15-க்குள். அதற்காக பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரப் போர்டு மீட்டிங்கில் எந்தெந்த வகைப் பணிகள் எத்தனை குறைகின்றன என்று ஒரு தீர்மானம் வரும். அஜெண்டாவோடு சேர்ந்த பி.டி.எஃப்.-இல் அது இருக்கும். கேட் அல்லது "டீச்சர் ஆன் ஸ்பெஷல் அசைன்மென்ட்" (வகுப்பு எடுக்காமல் தனிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்) என்ற வரிக்கு எதிரே 1.0, 2.0 என்று இருந்தால், அத்தனை முழுநேரப் பணியிடம் போகிறது என்று அர்த்தம்.

பிறகு பிரின்சிபாலிடம் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை நிமிடம், யார் நடத்துகிறார், சம்பளம் பொது நிதியிலா பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) நன்கொடையிலா, போன வருடம் ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முன்னே போனவர்கள் எந்தப் பாடத்தை முடித்தார்கள்? "எங்கள் ஆசிரியர்கள் எல்லோருமே டிஃபரன்ஷியேட் செய்கிறார்கள்" (ஒரே வகுப்பில் அவரவர் தரத்துக்கேற்பப் பாடம்) என்று பதில் வந்தால், தனியாக ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட பள்ளியில் கேட்க வேண்டியது பாட அளவிலான முன்னேற்றம். நான்காம் வகுப்புக் குழந்தை கணக்கு நேரத்தில் மட்டும் ஐந்தாம் வகுப்பறைக்கு நடந்து போகும். டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு டாலர் செலவில்லை, அதனாலேயே வெட்டுக்குத் தப்பும். சிக்கல் இரண்டு இடத்தில் வரும். இரண்டு வகுப்புக்கும் கணக்கு ஒரே நேரத்தில் இல்லையென்றால், அந்தக் குழந்தை அறிவியலையோ வாசிப்பையோ இழக்கும். எனவே மே மாதம், டைம்டேபிள் போடும் முன் கேளுங்கள். அடுத்தது, தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புக் கணக்கை ஒரு வருடம் முன்பே முடித்தவனை மிடில் ஸ்கூலுக்கு யார் கூட்டிப்போவது என்பது. அதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். மறுத்தால், உங்களைப் போலவே மாறப்போகும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: இல்லினாயில் 2018 ஜூலையிலிருந்து இதற்கு ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் கொள்கை வைத்திருக்க வேண்டும். டெக்சஸில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பாடத்தைப் படிக்காமலே தேர்வெழுதி 80 சதவீதம் எடுத்தால் அதைத் தாண்டலாம். கலிஃபோர்னியாவில் பிரின்சிபாலின் மனசுதான்.

கேள்வி: மகன் நார்த் கரோலினாவில் ஏழாம் வகுப்பிலேயே மேத் 1 முடிக்கிறான். போகும் ஊரில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி என்று தனித்தனி. நேரே ஜியோமெட்ரியில் போடச் சொல்லலாமா?

பதில்: உடனே சொல்ல வேண்டாம். நார்த் கரோலினாவின் மேத் 1, 2, 3 வரிசையில் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, புள்ளியியல் மூன்றும் கலந்து வரும். இருபடிச் சமன்பாடுகளில் ஒரு பகுதி மேத் 2-க்குப் போய்விடும். பெயரைப் பார்த்து "அல்ஜீப்ரா 1 முடித்தவன்" என்று ஜியோமெட்ரியில் உட்கார வைத்தால் அந்த வருடம் தெரியாது. அடுத்த வருடம் அல்ஜீப்ரா 2-இல் இருபடிச் சூத்திரம் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பாடம் தொடங்கும்போது இடிக்கும். பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதியையும் மேத் 1 இறுதித் தேர்வு மதிப்பெண்ணையும் கவுன்சலருக்கு அனுப்பி, அவர்களுடைய அல்ஜீப்ரா 1 ஆண்டுத் தேர்வை கோடையில் எழுத அனுமதி கேளுங்கள். எங்கே மார்க் போகிறதோ அந்த அத்தியாயங்களை ஆகஸ்டுக்குள் முடித்துவிட்டு ஜியோமெட்ரியில் சேர்க்கலாம்.