எபாக்சி பிசுபிசுக்கிறது, அடுத்த கோட் அடிக்கலாமா?
இப்போது அடிக்காதீர்கள். பிளைவுட் படகில் பூசிய எபாக்சி (ஹார்டனர் எனும் இறுக்கும் திரவத்தைக் கலந்து பூசும் பிசின்) மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். குமரி மாவட்டக் கடலோர நீரோடியில், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு நடுவே, ஓலைக் கொட்டகையில் பூசினால் காரணம் பெரும்பாலும் ஈரக்காற்றுதான்; ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் படிந்துவிடும், அதன்மேல் பூசுவது பிறகு தோலாக உரிந்து வரும்.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாவிட்டால் அடியில் இறுகிவிட்டது. மேலே படிந்த மெழுகைக் கழுவ வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும், காய்ந்தபின் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடுத்த கோட் அடிக்கலாம். கழுவாமல் தேய்த்தால் மெழுகை உள்ளே ஏற்றிவிடுவீர்கள், நான் செய்த கூத்து அது.

பள்ளம் விழுந்தால் கதை வேறு. கலவை அளவு தவறியிருக்கலாம், அப்படியானால் எத்தனை நாள் வெயில் காட்டினாலும் சரியாக இறுகாது, சுரண்டித்தான் எடுக்கவேண்டும். டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பார்த்தீர்களா?