நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் திணறும் பழைய கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தை 1997இல் வாங்கிய மாருதி 800 கார், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்றிருந்தது. சென்ற ஆண்டு முதல் அதை மீண்டும் ஓட்டி வருகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டிங், ஐட்லிங் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மதுரை நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும்போது, விராலிமலையை நெருங்குவதற்குள் இழுவை குறைந்து எஞ்சின் திணறத் தொடங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் நன்றாக ஓடுகிறது. இருபது நிமிடத்தில் மறுபடியும் அதே திணறல். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ப்ளக்குகளும் ப்ளக் வயர்களும் மாற்றியாயிற்று. இப்போது எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களின் உட்புறத்தைக் கடையும் 'போர்' வேலை செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா ஐயா?
- வாசகர், திருச்சி

பதில்: தயவுசெய்து எஞ்சினை இறக்க விடாதீர்கள். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) குறைந்த எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆகும்போதே தொல்லை கொடுக்கும், ஊருக்குள்ளும் இழுக்காது, புகை தள்ளும், எண்ணெய் குடிக்கும். தேய்ந்த சிலிண்டர் பத்து நிமிட ஓய்வில் குணமாகிவிடாது. நிறுத்தி வைத்தால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே போர் வேலை தேவையில்லை என்பதற்குச் சான்று. ஐயம் இருந்தால் மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.

இனி, ஏன் நெடுஞ்சாலையில் மட்டும் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் கார் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 70 கி.மீ. வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர், அதாவது நிமிடத்திற்கு 65 மில்லி பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ஐட்லிங்கில் இதில் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே டேங்கிலிருந்து வரும் பாதை பாதி அடைத்திருந்தாலும் ஊருக்குள் அது தெரியாது. நீண்ட நேரம் சீரான வேகத்தில் போகும்போதுதான் வரவைவிடச் செலவு கூடி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையில் மட்டம் இறங்கி, கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் திணறும். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தேவை இன்னும் கூடுவதால் திணறலும் கூடுகிறது. வண்டியை நிறுத்தினால் டேங்க் மெல்ல மூச்சு வாங்கி, அடைப்பில் ஒட்டிய தூசியும் கீழே இறங்கி, அடுத்த இருபது நிமிடத்திற்கு வழி விடுகிறது.

இதே அடையாளத்தைக் காட்டக்கூடிய இன்னொரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ப்ளக்கில் பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் சூடேறினால் உள்சுற்று விட்டுப் போய், ஆறினால் மீண்டும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்தறிவதற்கு வண்டி திணறும் அந்த நேரம்தான் ஏற்றது. ஷெட்டில் ஆறி நிற்கும் காரை எத்தனை முறை பிரித்தாலும் விடை கிடைக்காது. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மெல்ல மெல்லத் தளரும், காலுக்கு அடியில் இழுவை கரைவது போல் இருக்கும். கரண்ட் விட்டுப் போனால் சுவிட்சை அணைத்துப் போட்டது போலச் சட்டென்று வெட்டும். சில வேளை சைலன்சரில் வெடிச் சத்தமும் கேட்கும். உங்கள் விவரிப்பு முதல் வகையைச் சேர்ந்தது.

அடுத்த முறை போகும்போது, பின்னால் வண்டி வரவில்லை என்பதைப் பார்த்து இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டு, திணறல் தொடங்கியதும் சோக் குமிழை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) கால்வாசி மட்டும் இழுத்துப் பாருங்கள். எஞ்சின் சில விநாடிகளாவது தெளிந்து இழுத்தால், பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி. மாற்றமே இல்லையென்றால் காயில் பக்கம் போக வேண்டும். சோக்கை உடனே உள்ளே தள்ளிவிட்டு, ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் காத்திராமல் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறவுங்கள். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, வண்டி உடனே பழையபடி ஓடினால் நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்: டேங்கிற்குள் காற்றுப் போக வழியில்லை. பெட்ரோல் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று வராததால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தும் பெட்ரோல் வருவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இதே குறையோடு ஒரு மாருதி ஆம்னி வேன் என்னிடம் வந்தது. கார்புரேட்டரே புதிதாக மாற்றப்பட்டிருந்தது. உரிமையாளர், தொலைந்த மூடிக்குப் பதிலாக அளவில் பொருந்திய ஏதோ ஒரு பூட்டு மூடியை வாங்கிப் போட்டிருந்தார். அதன் உட்புறத்தில் காற்றுத் துளையே இல்லை. ரப்பர் வாஷர் டேங்கின் வாயை இறுக மூடியிருந்தது. சரியான மூடியைப் போட்டதோடு திணறல் நின்றது. உங்கள் காரிலும் மூடி மாற்றப்பட்டதா என்று பாருங்கள். மாற்றாவிட்டாலும், ஷெட்டில் நின்ற மூன்று ஆண்டுகளில் டேங்கிற்குள் காற்றுப் போகும் ப்ரீதர் குழாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கக்கூடும்.

மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால் பாதையை டேங்கிலிருந்து முன்னோக்கித் தொடர வேண்டும். நின்ற டேங்கில் நீர் கோத்துத் துரு பிடிக்கும். பழைய பெட்ரோல் கோந்துபோல் படியும். எஞ்சின் அருகில் உள்ள பெட்ரோல் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் செம்மண் போன்ற பொடி தெரிந்தால் ஃபில்டரை மாற்றுவது மட்டும் போதாது. டேங்கை இறக்கி அலசி, உள்ளே உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் வலையையும் சுத்தம் செய்ய வேண்டும். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியவர்கள் டேங்கைத் தொடவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

பெரும்பாலோர் கவனிக்காத ஓர் இடம், டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் ரப்பர் ஹோஸ். இது பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், அதில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுபடலாம். தரையில் ஒரு சொட்டும் இராது, வாடையும் வராது. எஞ்சின் ஓடும்போது ஃபில்டருக்குள் விடாமல் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். ஹோஸை விரலால் மடக்கினால் வெடிப்பு தெரியும்.

அடுத்தது, மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று அழைக்கும் பெட்ரோல் பம்ப். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் தானாக உயர்ந்திருந்தாலோ, பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய தகடு) கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. பம்பையும் எண்ணெயையும் மாற்றிய பிறகே எடுக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இக்னிஷன் பக்கம் வாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி) பாயிண்ட் எனும் மின்தொடர்பு முனை உள்ளது என்றால், பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் வாக்குவம் அட்வான்ஸ் இயங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் தட்டு அசைய, பாயிண்டுக்குப் போகும் சிறு வயரும் வளைந்து நிமிரும். ஆண்டுக்கணக்கில் இப்படி வளைந்த வயர், மேல் உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். சீரான வேகத்தில் வெட்டும் பல கார்களில் குற்றவாளி இந்த வயர்தான். மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பர் போல நீளும்.

கேள்வி: என்னுடைய பழைய பிரீமியர் பத்மினி 50-60 கி.மீ. வேகத்தில் காலை அசைக்காமல் போனால் இலேசாக வெட்டி வெட்டி ஓடுகிறது, மிதித்தால் சரியாகிவிடுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஓரளவு உண்மை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு, புதிய கார்களில் சென்சார் கலவையைத் திருத்திக்கொள்கிறது. உங்கள் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டின் துளை மாறாது, ஆகவே கலவையில் காற்று மிகுகிறது. குறைந்த மிதியில் சீராகப் போகும்போது இது வெட்டலாகத் தெரியும். மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பாய்வதால் மறைந்துவிடும்.

ஆனாலும் ஜெட்டைத் தொடுவதற்கு முன், மேனிஃபோல்டு (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) கேஸ்கெட் வழியாகவோ வாக்குவம் ஹோஸ் வழியாகவோ வெளிக்காற்று புகுகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஏனெனில் அதுவும் இதே வெட்டலைத் தரும். காற்றுக் கசிவு இல்லையென்றால், மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டு, சற்று ஓட்டிய பின் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளிர் பழுப்பு நிறம் சரி, வெண்மை என்றால் பெட்ரோல் இன்னும் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகுந்துவிட்டது. ஐட்லிங் திருகைத் திருகுவதால் இந்த வேகத்தில் பெரிய மாற்றம் வராது. பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலில் ஊறி உள்ளே உப்பிப் பாதையைக் குறுக்கிவிடும் என்பதால், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களாக எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.