கூரை வேலைக்கு இடுப்புப் பெல்ட் போதுமா?

கடலோரக் கல்லடியில் மாடி இல்லாத வீட்டுக்குக் கூரைச் சீற் போட இடுப்புப் பெல்ட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது. விழுந்தால் முழு இழுவையும் வயிற்றையும் முதுகெலும்பையும்தான் தாக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், ஹார்னஸின் கயிற்றை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது. காலடியில் மாட்டினால் 2 மீற்றர் கயிறு, விழும்போது விரிந்து இழுவையைக் குறைக்கும் அதிர்ச்சி தாங்கி, உங்கள் உயரம் எல்லாம் சேர்ந்து கீழே 6 மீற்றருக்கு மேல் வெளி வேண்டும். உங்கள் கூரை அவ்வளவு உயரமில்லை. கயிறு இறுகுமுன் தரையில் மோதிவிடுவீர்கள். ஆகவே முகட்டுப் பக்கக் கொங்கிறீட் பீமில் மாட்டி, விளிம்புக்கே எட்டாதபடி கயிற்றைக் கட்டையாக்குங்கள். சீற்றைத் தாங்கும் மெல்லிய சட்டமான சிலாகையில் மாட்டவே வேண்டாம். சீற்றில் நேரே மிதிக்காமல் பலகை போட்டு நடங்கள்.

கடற்காற்றில் கயிற்று நுனிக் கொக்கி துருப்பிடிக்கும். விரலால் திறந்து விட்டால் சட்டென்று மூடாத கொக்கியை அன்றே கழித்துவிடுங்கள்.